மூன்று விரல், ஏழு சுரம்

(சீயமங்கலத்தில் மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு. பேச்சின் நடுவே கிட்டாரில் வாசித்துக் காட்டிய இடங்கள் அடைப்புக்குறிக்குள் உள்ளன.)



இந்த ஊரில் இசையைப் பற்றிப் பேச வருகிறவர் மகேந்திரவர்மனைத் தாண்டிப் போக முடியாது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட அந்தப் பல்லவன்தான் நம் தூணாண்டார் கோயில் குடைவரையை வெட்டுவித்தவன். லலிதாங்குரன் என்ற பட்டப் பெயரில் கல்வெட்டும் வைத்திருக்கிறான். அவன் கோயிலுக்கு இட்ட பெயர் அவனிபாஜன பல்லவேசுவரம். தூணில் ஆடும் சிவனை நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறீர்கள். தமிழ்நாட்டில் கல்லில் வடித்த ஆடல் வடிவங்களில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. அதைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள்.

புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில் ஒரு பாறை முழுக்க இசைக் கல்வெட்டு இருக்கிறது. அதுவும் மகேந்திரவர்மன் வெட்டுவித்தது என்று நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. வழக்கு எப்படியும் இருக்கட்டும், என்னை ஈர்ப்பது அதில் உள்ள செய்தி. உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் அதைச் செய்ததாகவும், மாணவர்களின் நன்மைக்காகச் செய்ததாகவும் அந்தக் கல்வெட்டே சொல்கிறது. ஏழு பகுதிகள். ஒவ்வொன்றிலும் சுரங்களை நான்கு நான்காகக் கோத்து வரிசை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். அதாவது அது நரம்புக் கருவி பழகும் பிள்ளைக்கான பாடப் புத்தகம். விரலுக்கும் காதுக்கும் சேர்த்துக் கொடுத்த பயிற்சி. இசைப் பாடத்தைப் பாறையில் எழுதி வைத்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் இன்று கிட்டார் கற்கும்போது, சுரத்தின் பெயரே தெரியாமல் விரல் வைக்கும் படத்தை மட்டும் மனப்பாடம் செய்வது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

இன்று கிட்டார் எப்படிக் கற்கிறோம்? செல்போனில் ஒரு படம் வருகிறது. ஆறு கோடு, மூன்று புள்ளி. 'இது சி மேஜர், இது ஏ மைனர், இது எஃப், இது ஜி. நாலும் தெரிந்தால் நூறு பாட்டு வாசிக்கலாம்' என்கிறார்கள். பொய்யில்லை, வாசிக்கலாம்தான். ஆனால் நூற்றோராவது பாட்டு வந்ததும் பிள்ளை நின்றுவிடுகிறது. ஏன் இந்த இடத்தில் இந்தக் கார்டு என்று அதற்குத் தெரியாது, யாரும் சொல்லித் தரவும் இல்லை. கார்டு என்பது விரலின் வடிவம் என்றே அது நினைத்திருக்கிறது. கார்டு என்பது சுரங்களுக்குள் உள்ள உறவு. அந்த உறவு நம் காதுக்குப் புதிதும் அல்ல. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி அதை வாசித்தும் அளந்தும் காட்டுகிறேன்.

சி மேஜரையே எடுத்துக்கொள்வோம். சட்ஜத்தை ஒரு கட்டையில், அதாவது சி-யில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் தடித்த கம்பியைத் தொட வேண்டாம். ஐந்தாவது கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டில் மோதிர விரல். அது ச. நான்காவது கம்பியில் இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரல். அது அந்தர காந்தாரம். மூன்றாவது கம்பியில் விரல் இல்லை, சும்மா மீட்டினால் ப. இரண்டாவது கம்பியில் முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், மறுபடியும் ச. கடைசிக் கம்பி சும்மா, மறுபடியும் க. (வாசித்துக் காட்டுகிறார்.) ச க ப ச க. படத்தில் புள்ளியாகப் பார்த்தது இதுதான்.

இப்போது ஏ மைனருக்குப் போகிறேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மோதிர விரலை மட்டும் ஐந்தாவது கம்பியிலிருந்து எடுத்து மூன்றாவது கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் வைக்கிறேன். (வாசித்துக் காட்டுகிறார்.) கேட்டீர்களா? ஒரே விரல்தான் நகர்ந்தது. சும்மா ஒலித்த ப இப்போது த ஆகிவிட்டது. அடியில் இருந்த ச போய், ஐந்தாவது கம்பி சும்மா ஒலித்து அங்கேயும் த வந்துவிட்டது. இரண்டாவது கம்பியின் சட்ஜமும், இரண்டு காந்தாரமும் அப்படியே நிற்கின்றன. ச க ப என்று இருந்தது த ச க ஆயிற்று. வெளிச்சமாக இருந்த ஒலி ஏன் கனத்தது என்பதற்கு இதுதான் விடை. இதை ஒருமுறை வாய்விட்டுப் பாடிக்கொண்டே வாசித்த பிள்ளைக்கு மேஜர், மைனர் என்ற வித்தியாசத்தை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இலக்கணமாகவும் சொல்லிவிடுகிறேன். ஒரு சுரம், அதன் காந்தாரம், அதன் பஞ்சமம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கார்டு. காந்தாரம் அந்தரமானால் மேஜர், சாதாரணமானால் மைனர். இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு வேங்கடமகியின் 72 மேளகர்த்தாவைத் திறந்து பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் எழுதிய கணக்கு அது. எல்லா மேளத்திலும் ச, ப உண்டு. 36 மேளங்களில் அந்தர காந்தாரம் இருக்கிறது, ஆகவே சட்ஜத்தின் மேல் மேஜர் கார்டு அமையும். 24 மேளங்களில் சாதாரண காந்தாரம், அங்கே மைனர். மீதி 12, கனகாங்கி முதலியவை, சுத்த காந்தாரம் உள்ளவை. அவற்றில் சட்ஜத்தின் மேல் மேஜரும் வராது, மைனரும் வராது. கிட்டார் புத்தகம் எதிலும் இந்தக் கணக்கை நான் பார்த்ததில்லை. கர்நாடக சங்கீதம் பழகும் எந்தப் பிள்ளையும் அரை மணி நேரத்தில் தானே போட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது சங்கராபரணம், மேல்நாட்டார் மேஜர் ஸ்கேல் என்பது. இதில் ச-வின் மேல் ஒரு கார்டு: ச க ப. ம-வின் மேல் ஒன்று: ம த ச. ப-வின் மேல் ஒன்று: ப நி ரி. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், ஏழு சுரமும் வந்துவிட்டன. சி, எஃப், ஜி என்ற மூன்று கார்டில் இத்தனை பாட்டு அடங்கும் ரகசியம் இதுதான். பாடுகிறவர் எந்தச் சுரத்தில் வந்து நின்றாலும் அதை ஏந்திக்கொள்ள இந்த மூன்றில் ஏதோ ஒன்று இருக்கும்.

இந்த உறவு நமக்குப் புதிதல்ல என்று சொன்னேன். தம்புராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பஞ்சமமும் சட்ஜமும் மட்டும்தான் கூட்டுகிறோம். ஆனால் நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவைக் காதருகே வைத்துக் கேட்டால் யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் தானாகக் கேட்கும். வித்வான்கள் அதைச் சுயம்பு காந்தாரம் என்பார்கள். ஒரு கம்பி அதிரும்போது முழு நீளமாக மட்டும் அதிர்வதில்லை. பாதியாகவும், மூன்றில் ஒன்றாகவும், நான்கில் ஒன்றாகவும், ஐந்தில் ஒன்றாகவும் சேர்ந்தே அதிர்கிறது. மூன்றில் ஒன்று தருவது பஞ்சமம், ஐந்தில் ஒன்று தருவது காந்தாரம். ஆக ச க ப என்ற கார்டு ஒரே கம்பிக்குள் உறங்குகிறது. தம்புரா சுருதியில் வளர்ந்த காது அதைக் கேட்டே வளர்ந்திருக்கிறது.

சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் இன்னும் நுட்பமான இடத்துக்குப் போகின்றன. அங்கே நரம்புகளுக்குள், அதாவது சுரங்களுக்குள், இணை, கிளை, பகை, நட்பு என்று நான்கு உறவு சொல்லப்படுகிறது. கிளை என்று சொல்லும் வரிசை குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை. நம் இன்றைய பெயரில் ச, ப, ரி, த, க. ஒவ்வொன்றும் முன்னதன் பஞ்சமம். மேல்நாட்டு இசைப் புத்தகத்தில் பஞ்சம வட்டம் என்று ஒரு கடிகாரம் போலப் போட்டிருப்பார்களே, அதன் முதல் ஐந்து இடம் இதுதான். மூன்றாம் நரம்பும் ஆறாம் நரம்பும் பகை என்று உரை சொல்லும். இங்கேதான் கிட்டார் பழகுகிறவர் நின்று யோசிக்க வேண்டும். கார்டின் உயிரே மூன்றாம் சுரமான காந்தாரம் ஆயிற்றே, அதைப் போய்ப் பகை என்பதா?

என் எண்ணத்தைச் சொல்கிறேன். பஞ்சமத்தின் மேல் பஞ்சமமாக ஏறிக் காந்தாரத்தைப் பிடித்தால் அது கம்பிக்குள் பிறக்கும் சுயம்பு காந்தாரத்தைவிடச் சற்றுத் தூக்கலாக வந்து நிற்கும். 81-க்கு 64 என்ற விகிதம். சுயம்பு காந்தாரம் 5-க்கு 4. சட்ஜத்தோடு சேர்த்து ஒலித்தால் முதலாவது உரசும். ஐரோப்பாவிலும் இதே கதைதான். பித்தாகரசு வழியில் சுருதி கூட்டிய காலத்தில் அவர்கள் மூன்றாம் சுரத்தை முழு இணக்கமான ஒலியாகச் சேர்க்கவில்லை. 1558-இல் வெனிசில் சார்லினோ எழுதிய நூல்தான் 5-க்கு 4 என்ற காந்தாரத்துக்கு இலக்கணத்தில் உறுதியான இடம் கொடுத்தது. கார்டு அதற்குப் பிறகே அங்கும் அரியணை ஏறியது. கிளை வழியில் சுருதி கூட்டிய நம் முன்னோர் காதும் அவர்கள் காதும் ஒரே உரசலைக் கேட்டிருக்கின்றன என்றே நான் நினைக்கிறேன்.

இந்த ஆராய்ச்சியில் இரண்டு பெரியவர்களை மறக்கக் கூடாது. தஞ்சையில் சித்த மருத்துவம் செய்துகொண்டே 1917-இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் ஒருவர். கணக்கும் அறிவியலும் படித்துத் துறவியாகி, 1947-இல் யாழ் நூலைத் தந்த, மட்டக்களப்புச் சீமைக்காரரான விபுலானந்த அடிகள் மற்றவர். அடிகள் அந்த நூல் அரங்கேறிய அடுத்த மாதமே மறைந்தார். இருவரும் பழைய நரம்புக் கணக்கை எண்ணாகப் போட்டுப் பார்த்தவர்கள். கிட்டார் மாணவர்கள் இந்த இரண்டு நூலையும் புரட்டியாவது பார்க்க வேண்டும்.

கிட்டாரில் எந்தக் காந்தாரம் இருக்கிறது? இதற்கு ஒரு அளவு நாடா போதும். வழக்கமான கிளாசிக்கல் கிட்டாரில் தலைப்பக்கத்து நட்டிலிருந்து பாலம் வரை கம்பியின் நீளம் 650 மில்லிமீட்டர். நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் தூரம், ஏறக்குறைய 36.5 மில்லிமீட்டர். மீதியுள்ள நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த ஃப்ரெட். இப்படியே போனால் பன்னிரண்டாம் ஃப்ரெட் சரியாகப் பாதியில், 325-இல் வந்து நிற்கும். ஒவ்வொரு படியும் சமம். இப்போது ஏழாம் ஃப்ரெட்டை, அதாவது பஞ்சமத்தைப் பாருங்கள்: 216.2. கம்பியின் மூன்றில் ஒரு பங்கு 216.7. அரை மில்லிமீட்டர் வித்தியாசம், காது பொறுத்துக்கொள்ளும். நான்காம் ஃப்ரெட்டுக்கு, காந்தாரத்துக்கு, வாருங்கள்: 134.1. ஐந்தில் ஒரு பங்கு 130. நான்கு மில்லிமீட்டர் தள்ளிப் போய்விட்டது!

இதைக் கண்ணால் அல்ல, காதாலேயே பார்க்கலாம். கம்பியை அழுத்தாமல் விரல் நுனியால் மெல்லத் தொட்டுக்கொண்டு மீட்டுங்கள். நான்காம் ஃப்ரெட்டின் மேலேயே தொட்டால் ஒலி மங்கும். கொஞ்சம் தலைப்பக்கம் நகர்த்துங்கள். (வாசித்துக் காட்டுகிறார்.) மணி மாதிரி ஒலிக்கிறது பாருங்கள், அதுதான் சுயம்பு காந்தாரம். கிட்டாரின் அழுத்திய காந்தாரம் அதைவிட ஒரு ஃப்ரெட் தூரத்தில் ஏழில் ஒரு பங்கு தூக்கல். பன்னிரண்டு சுரத்தையும் சமமாக வைத்தால்தான் எந்தச் சுரத்தையும் சட்ஜமாக்கிக்கொண்டு வாசிக்க முடியும். அந்த வசதிக்குக் கொடுத்த விலை இது. ஒரு கட்டையில் இருந்த பாட்டை, இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ என்ற கவ்வியைப் போட்டு இரண்டு கட்டையாக்கிப் பாடுகிறோமே, அது இந்தச் சமத்தால் கிடைத்த வசதி. வீணையில் மெட்டுகளை மெழுகில் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு மேளம் கட்டுகிறவர் இந்த விலையைக் கொடுப்பதில்லை. ஆனால் ஒரு வீணைக்குக் கட்டிய மேளம் அந்த ஒரு சட்ஜத்துக்குத்தான். இரண்டில் எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் நடத்த நான் விரும்பவில்லை. எதைக் கொடுத்து எதை வாங்கியிருக்கிறோம் என்பது கற்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

நம் ராகங்களுக்குக் கார்டு போடலாமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார்கள். நம் இசையும் மேல்நாட்டு இசையும் முத்துசுவாமி தீட்சிதர் காலத்திலேயே சந்தித்துவிட்டன. சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியம் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரண சுரங்களில் அவர் அமைத்த நோட்டுசுர சாகித்தியங்கள் நாற்பது அளவில் கிடைக்கின்றன. அவர் தம்பி பாலுசுவாமி வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். மெட்டு வந்தது, வயலின் வந்தது, கார்டு மட்டும் வரவில்லை. நம் இசைக்கு அப்போது அது தேவைப்படவில்லை. கார்டைத் தமிழ்க் காதுக்கு அன்றாடப் பொருளாக்கியவை தேவாலயப் பாடகர் குழுக்களும், பிறகு சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களும்தான்.

அந்தக் கூடங்களிலிருந்து எழுந்தவர் இளையராஜா. பண்ணைப்புரத்திலிருந்து 1968-இல் சென்னைக்கு வந்து, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகக் கற்றார். டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷ் குழுவில் கிட்டார் வாசித்தார். 'அன்னக்கிளி' 1976-இல் வந்தபோது கிட்டாரை உள்ளங்கையில் வைத்திருந்தவர்தான் நமக்கு நாட்டுப்புற மெட்டைக் கொடுத்தார். 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'வை எத்தனை பேர் கிட்டார் வாங்கக் காரணமாகச் சொல்கிறார்கள்! அதில் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அந்த வாசிப்பில் கார்டை ஒரே தட்டாகத் தட்டாமல், சுரம் சுரமாகப் பிரித்துத் தூவியிருப்பதைக் கவனியுங்கள். எந்தக் கார்டில் எந்தச் சுரம் இருக்கிறது என்று தெரிந்தவரால்தான் அது முடியும்.

ராகத்துக்குக் கார்டு போட முடியும். ஆனால் ராகத்தைக் கேட்டுவிட்டுப் போட வேண்டும். மோகனத்தைப் பாருங்கள்: ச ரி க ப த. சற்று முன் சொன்ன கிளை ஐந்தும் இதுவேதான். இதற்குள்ளேயே அமையும் கார்டு இரண்டே இரண்டு: ச க ப, த ச க. அதாவது சி மேஜரும் ஏ மைனரும். பழக்கத்தில் எஃப் போட்டால் மத்தியமம் நுழையும், ஜி போட்டால் நிஷாதம் நுழையும். இரண்டும் மோகனத்தில் இல்லாதவை. நுழைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, சினிமாவில் அழகாக நுழைத்திருக்கிறார்கள். தெரிந்து நுழைக்க வேண்டும்.

ஹிந்தோளத்துக்கு வாருங்கள்: ச க ம த நி. பஞ்சமம் இல்லை. பஞ்சமம் இல்லாத ராகத்தில் சட்ஜத்தின் மேல் கார்டே அமையாது! பிள்ளைகள் இங்கே சி மைனரைப் போட்டுவிட்டு ஏதோ இடிக்கிறதே என்று விழிப்பார்கள். இடிப்பது அந்த ஜி சுரம், பஞ்சமம். இதற்குள் அமைவது ம-வின் மேல் ஒரு மைனர், த-வின் மேல் ஒரு மேஜர். (வாசித்துக் காட்டுகிறார்.) கிரக பேதம் தெரிந்தவர்கள் இப்போதே தலையாட்டுகிறார்கள். மோகனத்தின் காந்தாரத்தைச் சட்ஜமாக்கினால் ஹிந்தோளம். ஆகவே அங்கே இருந்த அதே இரண்டு கார்டுதான் இங்கேயும், பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

நாம் சரளி வரிசை தொடங்கும் மாயாமாளவகௌளையில் இன்னொரு வேடிக்கை. மேல்நாட்டுப் பாட்டு ஜி-யிலிருந்து சி-க்கு வந்து முடிவதுதான் வழக்கம். இங்கே ரிஷபம் சுத்தமாக இறங்கி நிற்பதால் ப-வின் மேல் நல்ல கார்டு அமையாது, அந்த முடிப்பு வழி அடைபட்டுவிடுகிறது. பதிலாக ச-வின் மேல் ஒரு மேஜர், ஒரே ஃப்ரெட் தள்ளி ரி-யின் மேல் இன்னொரு மேஜர், இரண்டும் அக்கம்பக்கமாக நிற்கின்றன. சரளி வரிசையைப் பாடிக்கொண்டு இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். நம் முதல் பாடத்துக்குள் இவ்வளவு வண்ணமா என்று இருக்கும்.

கமகம் பற்றிச் சொல்லாமல் விட்டால் வித்வான்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். பாடுகிறவர் காந்தாரத்தை ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவில் அசைக்கும்போது கிட்டார் ஒரே காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் இரண்டும் மோதும். குரல் நிற்கும் இடத்தில் கார்டு, குரல் அசையும் இடத்தில் ச, ப மட்டும். இது நான் என் மாணவர்களுக்குச் சொல்லும் வழி. அந்த அசைவையே கிட்டாரில் கொண்டுவர முடியும் என்று காட்டியவர் நம் பக்கத்து ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா. ஃப்ரெட் உள்ள கிட்டாரிலேயே கம்பியை இழுத்தும் சறுக்கியும் கீர்த்தனைகளை வாசிக்கிறார். அவரைக் கேட்ட பிறகு கிட்டாரில் கமகம் வராது என்று யாரும் சொல்ல முடியாது.

பெற்றோர்களுக்குச் சில வார்த்தை. பத்து வயதுப் பிள்ளைக்கு இரும்புக் கம்பி கிட்டார் வாங்காதீர்கள். நைலான் கம்பி விரலுக்கு இதம். அளவும் முக்கால் அளவு போதும். எஃப் கார்டில் ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும், அங்கேதான் பாதிப் பிள்ளைகள் கிட்டாரை மூலையில் வைக்கிறார்கள். அதுவரை கீழ் நான்கு கம்பியில் மட்டும் வாசிக்கும் சின்ன எஃப் போதும், அதிலும் ம த ச மூன்றும் இருக்கின்றன. சுருதி சேர்க்கச் செல்போன் செயலியைப் பயன்படுத்தட்டும், தவறில்லை. ஆனால் செயலியைப் பார்ப்பதற்கு முன் காதால் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறாவது கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ஒலிதான் அடுத்த கம்பி. மற்றவையும் அப்படியே. மூன்றாவது கம்பியிலிருந்து இரண்டாவதைச் சேர்க்கும்போது மட்டும் நான்காம் ஃப்ரெட்.

பிள்ளைகளுக்கு ஒன்று. கார்டு வாசிக்கும்போது ஒவ்வொரு கம்பியாக மீட்டி அதன் சுரத்தை வாயால் சொல்லுங்கள். ச க ப ச க. த க த ச க. முதல் மாதம் தட்ட வேண்டாம், தாளம் பிறகு வரட்டும்.

இரண்டு கிட்டார் மேடையில் இருக்கின்றன, சுருதி சேர்த்தே வைத்திருக்கிறேன். சி-யிலிருந்து ஏ மைனருக்கு அந்த ஒரு விரலை நகர்த்திப் பார்க்க விரும்புகிறவர்கள் வரிசையாக வாருங்கள். சின்னவர்கள் முதலில்.